பெயர் துறந்த சீமாட்டி: மகளிர் வாக்குரிமைப் போரும் வரலாற்று நாவலும்

சென்ற பருவத்தில் ஒரு மாலைப்பொழுது நம் சங்கத்தின் படிப்பு வட்டம் கூடியிருந்தது. இங்கிலாந்து நாட்டு மகளிர் வாக்குரிமைக்காகப் போராடிய வரலாற்றை வைத்து எழுதப்பட்ட ஆங்கில நாவல் ஒன்றைப் பற்றி நண்பர் ஒருவர் பேசி முடித்தார். கைத்தட்டல் ஓய்ந்ததும், முதலாண்டில் பயிலும் தங்கை ஒருத்தி எழுந்து நின்றாள். "அண்ணா, உண்மையாகவே சிறை சென்ற பெண்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு, உலகில் பிறக்காத ஒருத்தியைப் படைத்து அவளுக்காக நம்மை அழ வைப்பது எதற்கு? பட்டவர்களுக்குச் செய்யும் அநீதி அல்லவா அது?" என்று கேட்டாள்.

பேசிய நண்பர் புன்னகை செய்து, "கதை என்றால் கதைதானே, அம்மா" என்று கூறி அமர்ந்துவிட்டார். கூட்டமும் கலைந்தது. ஆனால் அந்த வினா என்னோடு விடுதிவரை நடந்து வந்தது. 'கதைதானே' என்பது விடையாகாது. வினாவைத் தட்டிக் கழிப்பதேயாகும். அவளுக்குரிய விடையைத் தேடிய முயற்சியே இக்கட்டுரை.

ஒரு சொல்லுக்காக ஒரு போர்

முதலில் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1866-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,500 பெண்கள் கையொப்பமிட்ட மனு ஒன்றை ஜான் ஸ்டுவர்ட் மில் என்னும் பேரறிஞர் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அளித்தார். மறு ஆண்டு, வாக்குரிமைச் சீர்திருத்த மசோதாவில் 'ஆடவன்' என்றிருந்த சொல்லை நீக்கி 'ஆள்' என்று எழுதவேண்டும் எனத் திருத்தம் கொண்டுவந்தார். 73 பேர் ஆதரித்தனர். 196 பேர் எதிர்த்தனர். ஒரே ஒரு சொல்! அந்தச் சொல்லின் பொருள் முழுமையாக நிறைவேற அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதற்குள் 1893-லேயே நியூசிலாந்து தன் மகளிருக்கு வாக்குரிமை வழங்கி உலகிற்கு வழிகாட்டிவிட்டது.

இங்கிலாந்தில் போராட்டம் இரு கிளைகளாக ஓடியது. மில்லிசென்ட் பாசெட் அம்மையார் தலைமையில் 1897-ல் ஒன்றுசேர்ந்த சங்கங்கள் மனு, கூட்டம், ஊர்வலம் என்ற அமைதி நெறியில் சென்றன. எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையார் 1903-ல் மாஞ்செஸ்டர் நகரில் தம் இல்லத்தில் தொடங்கிய சங்கமோ, 'சொல்லன்று, செயல்' என்பதைக் கொள்கையாகக் கொண்டது. 1905-ல் அவருடைய மகள் கிறிஸ்டபெல்லும், பஞ்சாலைத் தொழிலாளியான அன்னி கென்னியும் ஓர் அரசியல் கூட்டத்தில் எழுந்து, "மகளிருக்கு வாக்களிப்பீர்களா?" என்று கேட்டுச் சிறை சென்றனர். அதன்பின் சிறைகள் நிரம்பின. 1909 ஜூலையில் மேரியன் வாலஸ் டன்லப் என்ற ஓவியர் சிறையில் 91 மணி நேரம் உண்ணாதிருந்து விடுதலை பெற்றார். அவர் வழியைப் பிறரும் பின்பற்றவே, அவ்வாண்டு செப்டம்பர் முதல் அரசாங்கம் இரப்பர்க் குழாயை மூக்கின் வழியாகவோ வாயின் வழியாகவோ செலுத்தி வலிந்து உணவூட்டத் தொடங்கியது. 1913 ஜூன் 4-ஆம் நாள் எப்சம் குதிரைப் பந்தயத்தில் எமிலி டேவிசன் மன்னருடைய குதிரையின் முன் சென்று மோதுண்டு, நான்கு நாட்களுக்குப்பின் உயிர் நீத்தார்.

1914-ல் உலகப் போர் மூண்டதும் பாங்கர்ஸ்ட் அம்மையாரின் சங்கம் தன் போரை நிறுத்தியது. 1918 பிப்ரவரியில் முப்பது வயது நிரம்பி, வீட்டுரிமையும் உடைய மகளிருக்கு, அல்லது அவ்வுரிமை உடையவரின் மனைவியருக்கு, வாக்குரிமை கிடைத்தது. 1928 ஜூலையில்தான் ஆடவரைப் போலவே இருபத்தொரு வயதான எல்லாப் பெண்களும் வாக்காளர் ஆயினர். அதற்குச் சில வாரங்கள் முன்பு எம்மலின் பாங்கர்ஸ்ட் கண்மூடிவிட்டார்.

களத்திலே பிறந்த நாவல்கள்

இப்போரைப் பற்றிய கதைகள் இருவகைப்படும். ஒன்று, போர் நடக்கும்போதே எழுதப்பட்டவை. மற்றொன்று, போர் முடிந்தபின் திரும்பிப் பார்த்து எழுதப்பட்டவை. வரலாற்று நாவல் என்ற பெயர் இரண்டாம் வகைக்கே உரியது. அத்துறையின் தந்தை எனப் போற்றப்படும் ஸர் வால்ட்டர் ஸ்காட், 1814-ல் தம் முதல் நாவலான 'வேவர்லி'க்கு இட்ட துணைத் தலைப்பிலேயே அது அறுபது ஆண்டுக்கு முந்திய கதை என்று அறிவித்துவிட்டார். இந்த இடைவெளி இருந்தால்தான் ஒரு காலம் வரலாறாகக் கனிகிறது.

ஆயினும் முதல் வகையை நாம் ஒதுக்கிவிடலாகாது. பின்வந்தோர் நீர் முகக்கும் கிணறு அதுவே. எலிசபெத் ராபின்ஸ் என்ற நடிகை, தெருமுனைக் கூட்டங்களுக்கு நேரில் சென்று கேட்டவற்றைக் கொண்டு 1907-ல் ஒரு நாடகம் எழுதினார்; அதையே அவ்வாண்டில் 'தி கன்வெர்ட்' என்ற நாவலாகவும் ஆக்கினார். மேடையில் நின்று பேசும் பெண்ணை நோக்கிக் கூட்டத்தினர் வீசிய ஏளனச் சொற்களை இன்றும் அதிலே நாம் கேட்கலாம். 1909-ல் ஹெச். ஜி. வெல்ஸ் எழுதிய 'ஆன் வெரோனிகா'வில், தந்தையின் கட்டுப்பாட்டை வெறுத்து லண்டனுக்கு ஓடிவந்து உயிரியல் பயிலும் மாணவி ஒருத்தி, பாராளுமன்ற முற்றுகையில் கலந்துகொண்டு சிறை புகுகிறாள். வெல்ஸ் அவள் துணிவை மெச்சுகிறார். இயக்கத்தையோ எள்ளி நகையாடுகிறார். 1911-ல் வெளிவந்த கான்ஸ்டன்ஸ் மாடின் 'நோ சரண்டர்' ஓர் ஆலைத் தொழிலாளிப் பெண்ணைக் கதைத்தலைவி ஆக்கியது. எதிர்த்தரப்பினரும் வாளாவிருக்கவில்லை. பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்ற சங்கத்தின் தலைவியருள் ஒருவரான திருமதி ஹம்ப்ரி வார்ட் புகழ்பெற்ற நாவலாசிரியை. அவரும் 'டெலியா பிளான்ச்பிளவர்' என்னும் நாவலால் போராட்டக்காரிகளைச் சாடினார். நாவல் அன்று இருதரப்பாருக்கும் படைக்கலமாக இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

ஜேன் வார்ட்டன் யார்?

இனித் தங்கையின் வினாவுக்கு வருவோம். அதற்கு விடை எந்த நாவலிலும் இல்லை; உண்மை வரலாற்றில்தான் இருக்கிறது.

டில்லியில் பயிலும் நமக்கு லிட்டன் என்ற பெயர் புதிதன்று. நம் பல்கலைக்கழகத்திற்கு வடக்கே சில கல் தொலைவில் 1877 ஜனவரி 1-ஆம் நாள், விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று முரசறைந்த தர்பாரை நடத்திய வைசிராய் அவர். அதே வேளையில் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைத் தின்றுகொண்டிருந்தது என்பது நாம் மறக்கவொண்ணாத செய்தி. அந்த வைசிராயின் மகள் கான்ஸ்டன்ஸ், 1869-ல் பிறந்தவர். தந்தை பதவியிலிருந்த காலத்தில் இந்நாட்டில் வளர்ந்த சிறுமி. அவருடைய தங்கை எமிலிதான் புது டில்லியின் சிற்பியான லட்யன்ஸின் மனைவி.

இத்தகைய சீமாட்டி, நாற்பதாவது வயதில் வாக்குரிமைப் போரில் இறங்கினார். 1909 அக்டோபரில் நியூகாசில் நகரில் ஒரு மோட்டார் வண்டியின்மீது கல்லெறிந்து சிறை சென்றார்; உண்ணாநோன்பு இருந்தார். உடனே மருத்துவர்கள் வந்து இதயத்தைச் சோதித்தனர். பலவீனமான இதயம் என்று கண்டு விடுதலை செய்தனர். உடன் இருந்த எளிய பெண்களுக்கோ குழாய்தான் கிடைத்தது. 'என்னை விடுவித்தது என் இதயமா, என் பெயரா?' என்ற ஐயம் அவரை அரித்தது.

ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள அவர் செய்த செயல்தான் வியப்புக்குரியது. 1910 ஜனவரியில் தலைமயிரைக் குறைத்து வெட்டிக்கொண்டார். மலிவான மூக்குக்கண்ணாடியும், அழகற்ற தொப்பியும், பழைய மேலங்கியும் அணிந்தார். 'ஜேன் வார்ட்டன், தையல் வேலை செய்பவள்' என்று பெயர் கூறி லிவர்ப்பூல் நகரில் கைதானார். சிறையில் ஜேன் வார்ட்டன் உணவை மறுத்தபோது, எவரும் அவள் இதயத்தை முறையாகச் சோதிக்கவில்லை. எட்டு முறை அவளுக்கு வலிந்து உணவூட்டப்பட்டது. இறுதியில் அவள் யார் என்ற ஐயம் எழவே, விடுதலை கிடைத்தது. உடலும் அதே, இதயமும் அதே, சிறைச் சட்டமும் அதே. மாறியது பெயர் ஒன்றே!

1912-ல் பக்கவாதத்தால் அவருடைய வலக்கை செயலற்றது. இடக்கையால் எழுதிப் பழகித் தம் சிறை அனுபவங்களை 1914-ல் நூலாக வெளியிட்டார். அதன் ஆசிரியர் பெயராக இருவர் பெயர் அச்சிடப்பட்டன: கான்ஸ்டன்ஸ் லிட்டன், ஜேன் வார்ட்டன். 1923-ல் அவர் மறைந்தார்.

தோழர்களே, இதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஜேன் வார்ட்டன் என்றொரு பெண் உலகில் பிறக்கவேயில்லை. அவள் ஒரு கற்பனைப் பாத்திரம். ஆயினும் மெய்யான சீமாட்டி ஒருத்தியால் வெளிக்கொணர முடியாத உண்மையை, பொய்யான அந்தத் தையற்காரி வெளிக்கொணர்ந்துவிட்டாள். சட்டத்தின் கண் வர்க்கத்தைப் பார்த்தே திறக்கிறது என்பதை எந்த மனுவும் இவ்வளவு தெளிவாக மெய்ப்பிக்கவில்லை. பிறக்காத ஒருத்தியைப் படைப்பது ஏன் என்ற வினாவுக்கு இதைவிடச் சிறந்த விடை ஏது? கெர்ட்ரூட் கோல்மோர் என்பவர் மறு ஆண்டே இதைக் கண்டுகொண்டார். 1911-ல் அவர் எழுதிய 'சப்ரஜெட் சாலி' நாவலில் வரும் சீமாட்டி ஜெரால்டைன் ஹில், லிட்டனின் சாயலில் வார்க்கப்பட்டவள். ஆனால் நூலின் பெயரோ அவளுக்கு உரியதன்று. வீட்டு வேலைக்காரியான சாலிக்கே ஆசிரியை அதைச் சூட்டினார்.

நடுவில் யாரை நிறுத்துவது?

பின்வந்த வரலாற்றுப் புனைகதைகள் இவ்வழியையே பின்பற்றுகின்றன. பெருந்தலைவர்களைக் கரையோரம் நிறுத்தி, பெயரறியாத ஒருவரை நடு ஆற்றில் இறக்குவது ஸ்காட் காட்டிய முறை. நமக்கும் இது பழகிய வழிதான். 'பொன்னியின் செல்வ'னில் அருண்மொழிவர்மரை அல்லவே, வந்தியத்தேவனையன்றோ நாம் குதிரைமேல் பின்தொடர்ந்தோம்! கல்வெட்டில் ஒரு பெயராக மட்டுமே நின்ற ஒருவனுக்குக் கல்கி நகைச்சுவையும் பசியும் காதலும் தந்து உயிரூட்டினார்.

2015-ல் வெளிவந்த 'சப்ரஜெட்' திரைப்படத்தைக் காண்க. சாரா காவ்ரன் இயக்கியது. அபி மார்கன் எழுதியது. கதைத்தலைவி மாட் வாட்ஸ், கிழக்கு லண்டன் சலவைச்சாலையில் வேலை செய்பவள், முழுக் கற்பனை. எம்மலின் பாங்கர்ஸ்ட் ஒரு காட்சியில் மட்டும் மாடத்தில் தோன்றிப் பேசி மறைகிறார். இயக்கத்தில் சேர்ந்ததால் மாட் வேலையை இழக்கிறாள், வீட்டை இழக்கிறாள், கணவன் அவள் மகனை வேறொருவருக்குத் தத்துக் கொடுத்துவிடுகிறான். தந்தையே குழந்தையின் காப்பாளன் என்பது அக்காலச் சட்டம். 'வாக்கு எதற்கு?' என்று கேட்போர்க்கு அந்த ஒரு காட்சி விடை கூறிவிடுகிறது. சட்டத்தை இயற்றுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதவளுக்குத் தன் பிள்ளைமீதும் உரிமை இல்லை!

இந்தக் காட்சியை ஆவணங்கள் தர இயலா. எம்மலின் பாங்கர்ஸ்ட் தன் வரலாறு எழுதினார், லிட்டன் எழுதினார், அன்னி கென்னியும் எழுதினார். சலவைச்சாலைப் பெண்களுள் பெரும்பாலோர் விட்டுச் சென்றது நீதிமன்றப் பதிவேட்டில் ஒரு வரி: பெயர், குற்றம், தண்டனை நாட்கள். அன்று மாலை அவள் குழந்தைக்கு யார் சோறிட்டார் என்பது அவ்வரியில் இல்லை. வரலாற்று நாவலாசிரியரின் பணி அவ்வரிக்குக் கீழே தொடங்குகிறது.

வேறு சிலர் வேறு கோணங்களைத் தேர்ந்துள்ளனர். டிரேசி செவாலியர் 2001-ல் எழுதிய 'பாலிங் ஏஞ்சல்ஸ்' 1901 முதல் 1910 வரை நிகழ்வது. மாதர், சிறுமியர், வேலைக்காரி, குழி வெட்டுபவன் எனப் பலர் மாறி மாறிக் கதை சொல்கின்றனர். இயக்கத்தில் ஈடுபட்ட தாய்க்கும் தனித்து விடப்பட்ட மகளுக்கும் இடையே எழும் வேதனையை அது மறைக்கவில்லை. சாலி நிக்கல்ஸ் 2017-ல் இளைஞர்களுக்காக எழுதிய நாவலில் மூன்று வர்க்கங்களைச் சேர்ந்த மூன்று இளம்பெண்கள் வருகின்றனர். போர் மூண்டதும் மூவரும் மூன்று திசையில் பிரிகின்றனர். லிசா எவான்ஸ் 2018-ல் எழுதிய 'ஓல்ட் பேகேஜ்' 1928-ல் தொடங்குகிறது. அதன் தலைவி மாட்டி முன்னாள் போராளி. இப்போது வயது முதிர்ந்தவள். வெற்றி கிட்டிவிட்டது, இனி என்ன செய்வது? போர்க்களத்தையே வீடாகக் கொண்டவருக்கு அமைதிக் காலம் எவ்வளவு கடினமானது என்பதை நகைச்சுவையோடு காட்டுகிறது அந்நூல்.

படிப்போர் எழுப்ப வேண்டிய மூன்று வினாக்கள்

கற்பனைக்கு உரிமை உண்டு என்றதனால் எல்லாக் கற்பனையும் நேர்மையானது என்று கொள்ளலாகாது. தங்கையின் சினத்தில் நியாயமும் உண்டு. இந்நூல்களைப் படிக்கும்போது நாம் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும்.

முதலாவது, நிகழ்ந்தது மாற்றப்பட்டதா? நாளும் சட்டமும் தண்டனையும் கதையின் வசதிக்கேற்ப வளைக்கப்படலாகா. கற்பனைப் பெண் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம்; அவள் நிற்கும் தெரு உண்மையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, கசப்பானது மறைக்கப்பட்டதா? இயக்கத்தினர் கடைகளின் கண்ணாடிகளை உடைத்தனர். தபால் பெட்டிகளில் தீ வைத்தனர். 1913 பிப்ரவரியில் அமைச்சர் லாயிட் ஜார்ஜுக்காகக் கட்டப்பட்டு வந்த வீட்டில் வெடி வைத்தனர். இவற்றைச் சொல்லாமல் தியாகத்தை மட்டும் சொல்லும் நாவல், தன் தலைவியரைப் பொம்மைகளாக்குகிறது. அவ்வாறே, கண்ணாடி உடைவதில் உள்ள பரபரப்பு மனு எழுதுவதில் இல்லையாதலால், பாசெட் அம்மையாரின் அமைதிச் சங்கம் கதைகளில் பெரும்பாலும் காணாமற் போகிறது. உறுப்பினர் தொகையில் அதுவே பன்மடங்கு பெரியது. வாக்குரிமையை ஈட்டியது கல்லா, மனுவா, போர்க்கால உழைப்பா என்று வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். நாவலாசிரியர் அவ்வாதத்தை முன்கூட்டியே முடித்துவிடலாகாது.

மூன்றாவது, விடப்பட்டவர் யார்? பஞ்சாபை ஆண்ட ரஞ்சித் சிங்கின் பேத்தி சோபியா துலீப் சிங், 1910 நவம்பர் 18-ஆம் நாள் எம்மலின் பாங்கர்ஸ்டோடு பாராளுமன்றத்திற்குச் சென்ற தூதுக்குழுவில் இருந்தவர். காவலர் பெண்களைக் கொடுமையாகத் தாக்கியதால் 'கருப்பு வெள்ளி' எனப் பெயர் பெற்ற நாள் அது. 'வாக்கில்லையேல் வரியில்லை' என்று மறுத்து, தம் நகைகள் ஏலம் போகவும் துணிந்தவர் அவர். 1911 ஜூன் மாதத்தில் லண்டனில் நடந்த பெரும் ஊர்வலத்தில் இந்தியப் பெண்கள் தனி அணியாகச் சேலையுடுத்தி நடந்தனர். ஆயினும் 2015-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அவர்களில் ஒருவரும் இல்லை என்று பலர் குறை கூறினர். அக்குறை நேரியதே. பெயரற்றோர்க்குப் பெயர் தரவந்த கலை, பெயருடையோரை மறக்கலாமா?

நம் நாட்டில்

இக்கதை கடலுக்கு அப்பால் முடிந்துவிடவில்லை. அயர்லாந்தில் வாக்குரிமைச் சங்கம் கண்டு, சிறையும் சென்ற மார்கரெட் கசின்ஸ் 1915-ல் இந்தியா வந்தார். 1917-ல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அவ்வாண்டு டிசம்பர் 18-ஆம் நாள் சென்னைக்கு வந்திருந்த இந்தியா மந்திரி மாண்டேகுவை, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்களின் தூதுக்குழு ஒன்று கண்டு, இந்திய மகளிருக்கும் வாக்குரிமை வேண்டும் எனக் கேட்டது. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் அம்முடிவை மாகாணங்களுக்கே விட்டது. 1921-ல் சென்னைச் சட்டசபை ஆண் பெண் வேற்றுமையை நீக்கித் தீர்மானம் நிறைவேற்றியது. சொத்துடைய சிலருக்கே அவ்வுரிமை என்றாலும் கதவு திறந்தது. சில ஆண்டுகளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அச்சபையில் அமர்ந்து அதன் துணைத்தலைவராகவும் விளங்கினார்.

1950-ல் நம் அரசியலமைப்பு எல்லோருக்கும் வாக்களித்தது. ஆனால் 1951-52 பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. வட இந்தியாவில் பல பெண்கள் தம் பெயரைக் கூற மறுத்தனர். 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே எழுதச் சொன்னார்கள். பெயரின்றிப் பதிவில்லை என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். அங்கே ஒரு சீமாட்டி உண்மையை அறியத் தன் பெயரைத் துறந்தாள். இங்கே இலட்சக்கணக்கான பெண்கள் தம் பெயரை உரைக்க இயலாமல் உரிமையை இழந்தனர்!

அந்த 28 இலட்சத்தில் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். எழுத்தர் திண்ணையில் அமர்ந்து பேனாவோடு காத்திருக்கிறார். கதவின் பின்னே அவள் நிற்கிறாள். மாமியார் பார்க்கிறாள், கணவன் பார்க்கிறான். பெயரைச் சொல்லலாமா, வேண்டாமா? அந்த ஒரு கணத்தில் அவள் நெஞ்சில் ஓடியதை எந்த அறிக்கையும் பதிவு செய்யவில்லை. அதை எழுத நாவல்தான் வேண்டும். அவளுக்கு ஒரு பெயர் வைக்கவும் நாவலாசிரியர்தான் வேண்டும்.

தங்கையே, உன் வினாவுக்கு நான் கண்ட விடை இதுவே. பிறக்காதவளைப் படைப்பது பட்டவர்களை மறப்பதற்கன்று. பட்டும் பதிவாகாதவர்களை நினைப்பதற்கு. அந்நோக்கம் தவறினால் நீ எழுந்து கேள்வி கேட்கத்தான் வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, நம் வீட்டு மூதாட்டியரிடம் ஒன்று கேட்டு வருவோம்: "பாட்டி, முதன்முதலில் வாக்குச்சாவடிக்கு எப்போது போனீர்கள்? பட்டியலில் உங்கள் பெயர் எப்படி இருந்தது?" அவர்கள் சொல்வதை எழுதி வைப்போம். சென்னையில் 1917 டிசம்பரில் நடந்த அந்தச் சந்திப்பையும், திண்ணையோரத்து அந்தத் தயக்கத்தையும் கதையாக்கப் போகும் கை நம் சங்கத்திலேயே இருக்கலாம். அது வினா விடுத்த கையாகவே இருந்தாலும் வியப்பில்லை.